அண்டை வீட்டாரும் உபகூகனமும்



நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நம் இல்லத்துச் சிறார்களும் பிழையின்றி ஒப்புவிப்பர். ஏழாவது உறுப்பு யாது என்றால் வாத்ஸல்யம் எனத் தயங்காது விடை வரும். கன்றின்பால் பசு கொள்ளும் அன்பு எனப் பொருளும் கூறுவர். அடுத்த வீட்டில் வாழ்பவரின் பெயர் யாது என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களே விழிப்பர்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களில் நம் முன்னோர்க்கு இக்குறை இருந்ததில்லை. ஜினாலயத்தை அடுத்த தெருவே ஒரு சங்கமாக விளங்கிற்று. ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லையெனில் பொழுது சாயுமுன் தெரு முழுதும் அறியும். பிழைப்பை நாடி நகர்ப்புறங்களில் குடியேறிய நாமோ, பத்துக் கல் தொலைவிலுள்ள உறவினர் இல்ல விழாவிற்குத் தவறாது செல்கிறோம். சுவருக்கு அப்பால் ஒருவர் நோயுற்றுக் கிடப்பதை அறியோம்.

வாத்ஸல்யம் உடன் அறத்தாரிடம் காட்டுவதாயிற்றே, அயலார்க்கு அஃது எங்ஙனம் பொருந்தும் எனச் சிலர் வினவக்கூடும். நூல்வழி அவ்வுறுப்பிற்கு அப்பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் உமாஸ்வாமி ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் 21ஆம் சூத்திரத்தில், ஒன்றற்கொன்று துணையாதலை ஜீவன்களின் இயல்பாக வைத்தார். ஜைனர் எனக் குறுக்கவில்லை. அபயதானம் அளிக்கப் புகுவோன் குலமும் சமயமும் கேட்பதுண்டோ? 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டி, அடையாறு கரை கடந்தபோது, எந்த வீட்டில் எழுந்து நடக்கவியலா முதியவர் உள்ளார் என்பதை அறிந்திருந்தோர் அண்டை வீட்டார் அல்லரோ?

அன்பு உள்ளத்தில் இருந்தால் மட்டும் போதாது. அதற்குக் கூடும் நாளும் கணக்கேடும் வேண்டும். இதனை நம் மாநிலத்துப் பெண்கள் செய்து காட்டியுள்ளனர். 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், 1997-98 முதல் மகளிர் திட்டத்தின் வாயிலாக மாநிலமெங்கும் படிப்படியாகப் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பேர் கூடிச் சிறு தொகை சேமித்து, அதிலிருந்தே தமக்குள் கடன் வழங்கிக் கொள்வர். நகையோ பத்திரமோ ஈடாகக் கேட்பதில்லை. ஒருவரையொருவர் அறிந்திருப்பதே ஈடு.

சோதனை வருவதும் இங்கேதான். ஒருத்தி தவணை தவறுகிறாள். குழுவிற்கு வங்கிக் கடன் தடைபடுமே என்ற அச்சம் மற்றவர்களைப் பற்றுகிறது. அவள் வாயிலில் திரண்டு, பெற்ற பிள்ளைகள் செவிபட இகழ்ந்துரைப்பதும் சில இடங்களில் நிகழ்கிறது. மறுவாரம் அவள் கூட்டத்திற்கு வருவதில்லை. பின்னர் அத்தெருவிலேயே தலைகுனிந்து நடக்கிறாள். பணம் ஒருவேளை வசூலாகலாம். குழு அன்றே உடைந்துவிட்டது.

தாமிரலிப்தி நகர வணிகர் ஜினேந்திரபக்தரின் கதையை நீங்கள் அறிவீர்கள். துறவு வேடம் பூண்டு அவர் இல்லத்தில் தங்கிய கள்வன், ஜினபிம்பத்தின் குடையிலிருந்த மணியைக் கவர்ந்து ஓடினான். காவலர் துரத்த, வேறு வழியின்றி வணிகரிடமே வந்து சேர்ந்தான். வேடத்தால் அறத்திற்கு இழுக்கு நேருமே எனக் கருதிய வணிகர், தாம் கேட்டுக்கொண்டபடியே அவர் மணியைக் கொணர்ந்ததாகக் காவலரிடம் கூறினார். காவலர் அகன்ற பின்னர்த் தனிமையில் அவனைக் கடிந்து அனுப்பினார். இதுவே உபகூகனத்திற்குச் சான்றாகச் சொல்லப்படுவது. இக்கதையில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: மணி திரும்பி வந்துவிட்டது! குற்றத்தை மறைப்பது வேறு, இழப்பை அப்படியே விட்டுவிடுவது வேறு. ஆதலின் குழுவின் கணக்கேடு எல்லார் முன்னும் திறந்தே இருத்தல் வேண்டும். பொறுப்பாளர் கையாடலை மூடி வைப்பதற்கு உபகூகனம் என்று பெயரிடுதல் தகாது. தவணை தவறியவளின் வீட்டிற்கோ, அவள் மதிக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் செல்லட்டும். கணவரின் நோயா, வேலை இழப்பா, வீண் செலவா எனக் கேட்டறிந்து, தவணையைக் குறைத்து மீண்டும் அவளைக் கூட்டத்தில் அமர்த்தட்டும். ஆறாம் உறுப்பாகிய ஸ்திதிகரணம், தளர்ந்தவரை நிலைநிறுத்துதல், வேறு எங்கோ தேட வேண்டியதன்று.

சங்கத் தேர்தல், பதவி, பொன்னாடை இவற்றில் நமக்குள்ள ஆர்வம் குறைவன்று. அதை இங்கே விரிக்க விரும்பவில்லை. உங்கள் தெருவில் பத்து வீடுகள் போதும். கூட்டத்தை அந்தியில் வைத்தால், பொழுது சாயுமுன் உண்ணும் நம் இல்லத்தார்க்கு இடராகும். பிற்பகல் மூன்று மணி நன்று. காரணத்தைக் கூறினால் அயலார் இசைவர். முதற்கூட்டத்தில் பணத்தைப் பற்றிப் பேச வேண்டா. தனித்து வாழும் முதியவர் எந்த வீட்டில், மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண் எந்த வீட்டில், நள்ளிரவில் மருத்துவமனைக்கு வாகனம் ஓட்டக் கூடியவர் யார் என்பவற்றை மட்டும் ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டு கலையுங்கள்.