கடைசி நாற்காலி

ரம்மி, போக்கர் எல்லாம் திறமையா, அதிர்ஷ்டமா? நம் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. ரம்மி பெரும்பாலும் திறமைதான் என்றது உச்ச நீதிமன்றம், 1967-ல். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியோடு போக்கரையும் திறமைக் கணக்கில் சேர்த்தது. எதுவாக இருந்தால் என்ன, ஆன்லைனில் காசு வைத்து ஆடக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது.

நல்ல காரியம். காசு வைத்து ஆடி நடுத்தெருவுக்கு வந்த குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால், திறமை, அதிர்ஷ்டம் இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று அந்த மேஜையில் இருக்கிறது. நாற்காலி!

போக்கரில் ஒவ்வொருவராகத்தான் பேச வேண்டும். பணத்தை ஏற்றலாம், ஈடு கட்டலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். முதலில் பேசுகிறவர் இருட்டில் பேசுகிறார். கடைசியில் உட்கார்ந்திருப்பவரோ எல்லோரும் ஏறியதையும் பதுங்கியதையும் பார்த்துவிட்டு சாவகாசமாக வாயைத் திறக்கிறார். ஒரே சீட்டுதான். முதல் நாற்காலியில் கவிழ்க்க வேண்டிய சீட்டு, கடைசி நாற்காலியில் ஜெயித்துவிடும்.

அப்படி ஜெயிப்பவர் கெட்டிக்காரரா? பாதி கெட்டிக்காரர். மீதி, உட்கார்ந்த இடம்.

சூதாட்டத்தை உண்டாக்கியவர்களுக்கே இது அநியாயமாகப் பட்டிருக்கிறது பாருங்கள்! மேஜையில் 'டீலர் பட்டன்' என்று ஒரு வில்லை இருக்கும். அது யார் முன்னால் இருக்கிறதோ, அவருக்குத்தான் பெரும்பாலான சுற்றுகளில் கடைசிப் பேச்சு. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அதை அடுத்தவருக்கு நகர்த்திவிட வேண்டும். ஒன்பது பேர் என்றால் ஒன்பது ஆட்டத்தில் எல்லோருக்கும் ஒருமுறை அந்த யோகம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா மாட்டுச் சந்தையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போர்த்தி அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லார் விரலையும் பிடித்துப் பார்த்த தரகருக்கு மட்டும் எல்லாம் தெரியும். கடைசி நாற்காலி அவருடையது.

திருப்பூரில் பத்து பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவரிடம், "ஒரு பீசுக்கு எவ்வளவுங்க கேக்கறீங்க?" என்பார் ஆர்டர் கொடுப்பவர். எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கு அவர் பாக்கெட்டிலேயே இருக்கும். ஆனாலும் இவர்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். வாங்கிய மெஷினுக்குத் தவணை, சனிக்கிழமை கூலி... பயந்து பயந்து ஒரு ரூபாய் குறைத்தே சொல்வார். அதே ஆர்டர்காரர், வெளிநாட்டு பையரின் முன்னால் போய் உட்கார்ந்தால் இவரும் முதல் நாற்காலிதான். அங்கே இவர் குறைத்துச் சொல்வார்.

ஆக, யார் முதலில் பேசுவது என்பதை முடிவு செய்வது அவசரம். காத்திருக்க முடிந்தவனுக்கே கடைசி நாற்காலி. காத்திருப்பதற்குக் கையில் காசு வேண்டும்.

இதைப் புரிந்துகொண்ட சில ஏற்பாடுகளும் இதே மண்ணில் உண்டு. தமிழ்நாட்டின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் பருத்திக்காகத் திருப்பூரில்தான் வந்தது. இன்றைக்கு ஈரோட்டில் மஞ்சள் விற்கும் விவசாயியைப் பாருங்கள். அங்கே மறைமுக ஏலத்தில், அடுத்தவர் போட்ட விலை தெரியாமலே ஒவ்வொரு வியாபாரியும் தன் விலையைக் கொடுக்க வேண்டும். வியாபாரிகளில் யாருக்கும் கடைசி நாற்காலி இல்லை. விலை பிடிக்கவில்லையா? கிடங்கில் சரக்கை வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு விவசாயி காத்திருக்கலாம். நாற்காலி அவர் பக்கம் கொஞ்சம் நகர்கிறது.

ஏலச்சீட்டில் ஒருமுறை எடுத்தவர் மறுபடி கேட்க முடியாது என்பதும் பட்டனை நகர்த்துகிற வேலைதான். ஆனால் அங்கேயும் மகள் கல்யாணத்துக்காக இரண்டாம் மாதமே லட்ச ரூபாய்ச் சீட்டை எழுபத்தைந்துக்குத் தள்ளி எடுப்பவர் ஒருத்தர். கடைசி மாதம் வரை அசையாமல் உட்கார்ந்து முழுசாக வாங்கிப் போகிறவர் வேறொருத்தர். பின்னவரைத்தான் "காரியக்காரர்" என்கிறோம். முன்னவருக்கு "பணத்தோட அருமை தெரியாதவர்" என்று பட்டம். எந்த நாற்காலியில் இருந்து எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கடைசி நாற்காலி கிடைத்தால் எழுந்து ஓடிவிட வேண்டுமா? அப்படிச் சொன்னால் கடைத்தெருவில் ஒருநாள் பிழைக்க முடியாது. தெரிந்ததை வைத்து வியாபாரம் பண்ணுவது பாவமில்லை. ஆனால் நாற்காலி சம்பாதித்ததைத் தன் மூளை சம்பாதித்ததாக நம்புவது பொய். அந்தப் பொய்யை நம்புகிறவன்தான் பட்டனை அடுத்தவருக்கு நகர்த்தவே மாட்டான். 'நான் கெட்டிக்காரன், எனக்கு வருது. உனக்குத் துப்பில்லை' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவான்.

நீங்கள் முதலாளியாக இருக்கலாம், வீட்டுக்காரராக இருக்கலாம், ஒரு கொத்தனாரை வேலைக்குக் கூப்பிடுகிறவராக இருக்கலாம். அடுத்த முறை, "நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று எதிரில் நிற்பவரைக் கேட்கும் முன், நீங்களே முதலில் சொல்லிப் பாருங்களேன். "இந்த வேலைக்கு இவ்வளவு ஒதுக்கியிருக்கேனுங்க. உங்களுக்குக் கட்டுபடியாகுங்களா?"

சில நூறு ரூபாய் கூடுதலாகப் போகலாம். அந்த நூறு ரூபாய் யாருடையது என்று யோசியுங்கள்.