சிங்கத்தின் எல்லையும் மனிதனின் மமதையும்

ஆனைமலைச் சாரலில், அமராவதி அணையை ஒட்டி வாழ்கிற நமக்கு யானையின் வழித்தடமும் புலியின் நடமாட்டமும் அணைநீரில் கிடக்கும் முதலையும் அயலானவையல்ல. சிங்கத்தையோ நாம் கோயில் தூணிலும் அம்பிகையின் வாகனத்திலும் நரசிம்ம மூர்த்தியின் திருமுகத்திலும் மட்டுமே கண்டு கைகூப்பியிருக்கிறோம். ஆகவே, காட்டில் வாழும் சிங்கம் தன் நிலத்தை எவ்வாறு ஆள்கிறது என்பதை அறியவரும்போது, அவ்வறிவை நம் பக்தியோடு எங்ஙனம் பொருத்திக்கொள்வது என்ற வினா சிந்திக்கிற எவர் நெஞ்சிலும் எழாமற் போகாது.

1966ஆம் ஆண்டில் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியில் தொடங்கிய சிங்க ஆராய்ச்சியும், அதன்பின் பல பத்தாண்டுகள் பிறர் நடத்திய ஆராய்ச்சிகளும் காட்டும் செய்தி இது: கூட்டத்தின் நிலையான உறுப்பினர் பெண்களே, தாயும் மகளும் சகோதரிகளுமாக அவை தலைமுறை தலைமுறையாக ஒரே நிலத்தைப் பற்றி வாழ்கின்றன, ஆண்களோ இரண்டு மூன்றாகக் கூடி வந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆண்டு, வலியவை வந்தபோது துரத்தப்படுகின்றன. அந்த எல்லைக்கு வேலியில்லை, பட்டாவும் இல்லை. இரவெல்லாம் கர்ச்சித்தும் புதர்களில் வாடையைத் தெளித்தும் நாள்தோறும் புதுப்பித்துக்கொள்ளும் வரையில்தான் அது எல்லை. புதிதாக வென்ற ஆண்கள், தோற்றவற்றுக்குப் பிறந்த பால்மறவாக் குட்டிகளைக் கொன்றுவிடுகின்றன. குட்டியை இழந்த தாய் மீண்டும் கருத்தரிக்கத் தயாராகிறது.

இது பாவமா? போக யோனியில் பிறந்த உயிர் பழவினையை அனுபவிப்பதன்றிப் புதுவினை ஈட்டுவதில்லை என்று நம் மரபு விடை சொல்லும்; விவேகம் இல்லாத இடத்தில் பாவபுண்ணிய விசாரணைக்கு இடமில்லை என்பதை நானும் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அவ்விடை கொன்ற சிங்கத்தைக் குற்றத்தினின்று விடுவிக்கிறதேயன்றி, செத்த குட்டியின் வேதனைக்கு விடையாவதில்லை. ‘இயற்கையின் நியதி’ என்பாரும் நிகழ்ச்சியின் காரணத்தைச் சொல்கிறார்களேயன்றி, கருணையே வடிவான இறைவன் படைத்த உலகில் அந்நியதி ஏன் இருக்கவேண்டும் என்ற வினாவைத் தொடுவதில்லை. எல்லாம் லீலை என்று சொல்லிக் கடந்துபோவதைவிட, விடை தெரியாத இடத்தில் அந்த வேதனையை வேதனையென்றே ஒப்புக்கொண்டு நிற்பது மேலான பக்தி என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டுச் சிங்கத்தின் செய்தி சற்று வேறானது. குஜராத்தின் கிர் காட்டில் ஆண் குழுக்களும் பெண் குழுக்களும் பெரும்பாலும் தனித்தனியே வாழ்கின்றன. கூடும் காலத்திலும் பெரிய இரை வீழ்ந்த இடத்திலுமே அவை சந்திக்கின்றன. ஒரு பெண்ணின் நடமாட்ட எல்லைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் குழுக்களின் எல்லைகள் குறுக்கிடுவதுண்டு. அங்கே பெண் சிங்கங்கள் பகைத்த ஆண்களோடும் மாறிமாறிக் கூடுவதாகவும், அதனால் எல்லா ஆண்களும் குட்டிகளைத் தம்முடையவையென்றே கருதி விட்டுவிடுவதாகவும் ஆராய்ச்சியாளர்கள் 2019இல் எழுதினார்கள். தந்தை இன்னாரென்ற தெளிவு மறைவதால் குட்டி பிழைக்கிறது. மேற்சொன்ன கொடிய நியதிக்குள்ளேயே தாய்மை தனக்கொரு வழி திறந்துகொண்டதை நினைக்க நினைக்க என் வியப்பு பெருகுகிறது.

செம்பிற் களிம்புபோல் ஆணவம் உயிரைப் பற்றியிருக்கிறதென்று சைவ சித்தாந்தம் கூறும். சிங்கத்தினிடம் அது ‘என் நிலம்’ என்ற கர்ச்சனையோடு நின்றுவிடுகிறது. விவேகம் பெற்ற மனிதனிடமோ அது மமதையாக வளர்ந்து தர்மத்தின் பெயரையும் பூண்டுகொள்கிறது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் 891 ஆகப் பெருகிவிட்ட கிர் சிங்கங்களுள் பாதிக்கு மேற்பட்டவை காட்டெல்லையைக் கடந்து வயலிலும் கடற்கரையிலும் வாழ்கின்றன. 1879க்குப் பின் சிங்கத்தைக் காணாத பர்தா மலைக்கு 2023இல் ஒன்று தானே நடந்து சென்றது. அவற்றை நாம் ‘எல்லை மீறியவை’ என்கிறோம். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் யானை குறுக்கிட்டால், அதன் வழியில் நாம் சாலை போட்டதை மறந்து, நம் சாலைக்கு யானை வந்துவிட்டதென்றுதானே இங்கும் பேசுகிறோம்!

இந்த மமதையால் நம் சிங்கங்கள் ஒரே நிலப்பகுதியில் அடங்கிக் கிடந்தால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று. 1994இல் செரெங்கெட்டியில் நாய்களுக்கு வரும் கொடிய நச்சுக்காய்ச்சல் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மாண்டது. 2018இல் அதே நோய் கிர் காட்டிலும் தலைகாட்டியது. ஓரினம் முழுவதும் ஒரே நிலப்பகுதியில் அடங்கியிருப்பதன் அபாயத்தை முன்னரே உணர்ந்துதான், 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், மனிதனின் நலத்தை நடுவில் வைக்காமல் உயிரினத்தின் நலத்தையே நடுவில் வைத்து, மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குச் சில சிங்கங்களை 6 மாதத்துக்குள் கொண்டுசெல்லப் பணித்தது. அவை எங்கள் பெருமை, எங்கள் சொத்து என்ற உணர்ச்சி குஜராத்தில் வலுத்திருந்தது. தீர்ப்பு ஏட்டில் நின்றது. 2022இல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் குனோவுக்கு வந்தன; சிங்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தச் சிங்கத்தின் வரவுக்கென்றே, பல ஆண்டுகளுக்கு முன்னரே, குனோ காட்டுக்குள்ளிருந்த 24 கிராமத்து மக்கள் தங்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியே குடிபெயர்ந்துவிட்டார்கள்.