விதைநிதியும் அறத்தின் கேள்வியும்

உயிரிப் பொருளாதாரம் என்பது, நிலத்தடி எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் மாற்றாக, பயிர், மரம், பாசி, நுண்ணுயிர் ஆகியவற்றிலிருந்து எரிபொருளையும் பிற பொருள்களையும் ஆக்கிக்கொள்ளும் உற்பத்தி முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2007-ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம், 2022-க்குள் ஆண்டுக்கு 3,600 கோடி கேலன் உயிரி எரிபொருள் என்னும் இலக்கை வகுத்தபோது, மக்காச்சோளத்தை எத்தனாலாக்கும் நுட்பம் ஏற்கெனவே கைவசம் இருந்தது; ஆனால் உணவாகவும் தீவனமாகவும் ஆகக்கூடிய தானியத்தை வாகனத்துக்கு இடுவது தகுமா என்னும் கேள்வி, வேதியியலுக்குள் அடங்குவதன்று.

உள்ளதைப் பற்றிய கூற்றுகளிலிருந்து மட்டும் செய்யத்தக்கது இதுவெனப் பெற இயலாது என்பதை 18-ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் டேவிட் ஹியூம் சுட்டினார். தொழில்நுட்பத்தின் விளைவு இன்னும் பிறவாத தலைமுறையைத் தொடுவதால், பொறுப்பும் அவ்வளவு தூரம் நீள வேண்டும் என்று 1979-இல் மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் வாதிட்டார்.

ஆகவே, பேராய்வுக்கு முன்னோட்டமாகப் பல்கலைக்கழகங்கள் அளிக்கும் சிறுதொகையாகிய விதைநிதி, வேதியியலாரையும் சமூகவியலாரையும் மெய்யியலாரையும் ஒருங்கே அமர்த்துவது சலுகையன்று, கடமையே. 1990-இல் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டம், தன் ஆண்டு நிதியில் 3 முதல் 5 விழுக்காட்டை அறம், சட்டம், சமூகம் சார்ந்த ஆய்வுக்கு ஒதுக்கி இதற்கு வழிகாட்டியது. ஆலை எழுந்தபின் கேட்கப்படும் அறக்கேள்வி இழப்பைக் கணக்கிட மட்டுமே உதவும்; விதைக்கும் பருவத்தில் கேட்கப்படுவதோ எதை விதைப்பது என்பதையே தீர்மானிக்க வல்லது.