வராதவரைத் தேடிப் போகலாமா?

மாதாமாதம் எச்ஐவிக்கான கூட்டு மருந்து வாங்க வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிடுகிறார். கைப்பேசியும் அணைந்து கிடக்கிறது. அந்த மருந்தைத் தரும் ஏஆர்டி மையத்துக் களப்பணியாளரிடம் அவருடைய ஊர், தெரு, கதவு எண் எல்லாம் இருக்கின்றன. போகலாமா? சிற்றூரில் ஒரு புதுமுகம் பெயர் சொல்லி வீடு விசாரித்தால், 'நீங்க யாரு, என்ன விஷயமா வந்திருக்கீங்க?' என்று அக்கம்பக்கம் கேட்காமல் விடாது. ஆண்டுக்கணக்கில் காத்துவந்த ரகசியம் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். போகாமல் இருந்தால் உயிரே போய்விடலாம்.

தேடிப் போவதன் நியாயம் வலுவானது. இன்று தரப்படும் மருந்துகள் எச்ஐவியை அடக்கி வைப்பவை, அழித்து ஒழிப்பவை அல்ல. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்கும். உடல் தேறியவர்கள் இடையிடையே மருந்தை நிறுத்தலாமா என்று 5,472 பேரிடம் ஸ்மார்ட் என்ற ஆய்வு நடந்தது. நிறுத்தியவர்களிடம் நோயும் சாவும் கூடியதால் 2006இல் அந்தச் சோதனையைப் பாதியில் கைவிட்டார்கள். மருந்தைத் தவறாமல் எடுத்து, வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி இறங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதும் இன்று உறுதியான செய்தி. அப்படியிருக்க, வராதவரின் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவதைப் பராமரிப்பு என்று எப்படிச் சொல்வது?

'அது அவர் விருப்பம்' என்று சிலர் சொல்வார்கள். அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் இசைவின்றிச் சிகிச்சை தரக் கூடாது. அவருடைய நிலையைப் பிறரிடம் வெளிப்படுத்தவும் கூடாது. இந்தப் பாதுகாப்பு ஒரு துளியும் குறையக் கூடாது. ஆனால் வராமல் போனவர்களில் உண்மையிலேயே விருப்பப்பட்டு நின்றவர்கள் எத்தனை பேர்? மருந்து வாங்கப் போனால் ஒருநாள் கூலி போகும். வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் பக்கத்து மையத்தை விட்டு அடுத்த மாவட்டத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மில் விடுதியில் பலரோடு ஒரே அறையில் தங்கும் பெண்ணுக்கு மாத்திரை டப்பாவை ஒளித்துவைக்க இடமில்லை. குடி ஒருவரைப் பிடித்துவைக்கிறது, மனச்சோர்வு இன்னொருவரை. பிரார்த்தனையில் நோய் தீர்ந்தது என்று நம்பி நிறுத்தியவரும் உண்டு; அவரிடம் பேச வேண்டிய பேச்சே வேறு. இத்தனையையும் விருப்பம் என்ற ஒரே கணக்கில் எழுதினால், அது மதிப்பைப் போலத் தோன்றும் கைவிடல்தான்.

தவறுவது எப்போதும் நோயாளிதான் என்பதும் உண்மையல்ல. 2022 ஜூலையில் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலில் எச்ஐவியோடு வாழ்பவர்கள் உட்கார்ந்து போராடினார்கள். பல இடங்களில் மருந்து இருப்பு குறைந்து, முழுமாதத்துக்கு வேண்டியதைத் தராமல் சில நாள் மாத்திரைகளை மட்டும் கொடுத்து அனுப்பியதே காரணம். ஒரு வேளையும் விடக் கூடாது என்று கண்டிக்கிற அமைப்பு, தன் பங்கில் ஒரு வேளையும் விடாமல் இருந்தால்தான் அந்தக் கண்டிப்புக்குத் தகுதி வரும். பெருந்தொற்றுக் காலத்தில் பல மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்க முடிந்தது. நிலையாக மருந்தெடுப்பவரை முப்பது நாளுக்கொரு முறை வரவழைப்பது அவசியமில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆகவே தேடலாம், தேட வேண்டும். ஆனால் எப்படித் தேடுவது என்பதை, தேடப்படப் போகிறவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். 'நீங்கள் வராமல் போனால் யாரைக் கேட்கலாம்? வீட்டுக்கு வரலாமா, பஸ் ஸ்டாண்டில் சந்திக்கலாமா? போனை வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்லட்டும்?' எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் முடிவைக் கேட்டுக் கலங்கி நிற்கும் நாளில் வாங்குகிற ஒரு கையெழுத்து இதற்குப் போதாது. மனம் சற்றுத் தெளிந்த பிறகு கேட்க வேண்டும். கல்யாணமானால், வீடு மாறினால், வேலை மாறினால் மறுபடியும் கேட்க வேண்டும். 'வீட்டுப் பக்கம் வராதீங்க' என்று ஒருவர் சொன்னால் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. அதனால் ஓர் உயிர் கைநழுவக்கூடும் என்று தெரிந்தும் இந்த எல்லையை வைத்துத்தான் ஆக வேண்டும். சொன்ன சொல் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்துக்கு அடுத்தவரும் வரமாட்டார். போகிறவர் அதே நோயோடு வாழ்பவராக இருப்பது இன்னும் நல்லது. 1998இல் சென்னையில் எச்ஐவியோடு வாழும் பெண்கள் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியது இப்படிப்பட்ட துணை தேவைப்பட்டதால்தான்.

பிறவியிலேயே தொற்றோடு வந்த பிள்ளைகள் விஷயத்தில் இந்த அறம் இன்னும் கடினமாகிறது. 'சத்து மாத்திரை' என்று பாட்டி சொல்லிக் கொடுத்ததை விழுங்கி வளர்ந்தவன், பதினைந்து வயதில் உண்மையை அரைகுறையாக அறிகிறான். ஒருநாள் மாத்திரையைத் தூக்கி எறிகிறான். அவனுடைய இசைவை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒருவகையில் அந்த மறுப்புதான் அவன் தன் உடலைப் பற்றி எடுத்த முதல் முடிவு. அவனை மிரட்டி விழுங்க வைக்கலாம், சில மாதங்களுக்கு. பதினெட்டு வயதில் அவன் தனியாக மையத்துக்கு வர வேண்டியிருக்கும்போது மிரட்ட ஆள் இருக்காது. வயதுக்கேற்ப உண்மையை முன்பே சொல்லாத பெரியவர்களின் பொறுப்பு இதில் பெரிது. அவன் கோபத்தைக் கேட்க, ஆலோசகர் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியாக வேண்டும்.

திரும்பி வருகிறவரை எப்படி வரவேற்கிறோம் என்பதையும் தேடலின் பகுதியாகவே எண்ண வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கவுன்டருக்கு வருகிறார். 'இவ்வளவு நாளா எங்க போனீங்க?' என்று நாலு பேர் முன்னால் சத்தமாகக் கேட்டால், அடுத்த முறை எந்தக் களப்பணியாளர் போய் அழைத்தாலும் அவர் வரமாட்டார். அவரை உட்காரவைத்து, அன்றைக்கே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, மருந்தை மறுபடி தொடங்க வழி செய்யலாம். வராத காரணத்தை அவர் சொல்ல விரும்பும்போது கேட்டுக்கொள்ளலாம்.