பட்டு சிக்காத மரம்



காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்தவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நேரே அரண்மனைக்குப் போய்விட மாட்டார். பெரும்பாணாற்றுப்படையின் 500 அடிகளில் காடு, வயல், கடற்கரை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் நம்மைக் காஞ்சிக்குள் விடுகிறார். வழியில் மருதநிலத்து ஊர் ஒன்று. வசதியான உழவர் வீட்டுப் பிள்ளைகள் சின்ன மரத்தேரை உருட்டி விளையாடுகிறார்கள். எப்படிப்பட்ட தேர்? தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும் அளவுக்கு அழகாகச் செய்த தேர் என்கிறார் புலவர். பொழுதெல்லாம் மரச்சீவலுக்கு நடுவே வளரும் பிள்ளைகளுக்கே ஆசை வருகிறதென்றால் வேலைப்பாட்டுக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்! எனக்கு மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் உறுத்தும். செய்தது தச்சர் பிள்ளைகளின் அப்பா, உருட்டுவது வேறு வீட்டுப் பிள்ளை.

அந்த மரத்தேரைப்போல, பள்ளி விடுமுறை வந்தால் கொல்லையில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன மரவீடு கட்டிக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இதைக் கேட்கும்போது எனக்குத் தறிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் மரம் என்றால் தேரும் வாகனமும் மட்டுமா, தறியும் மரம்தானே. அதில் ஊடிழையை இழுத்துச் செல்லும் நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினாலும் விரல் வழுக்கும். அதில் ஒரு சிலாம்பு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், பாவு இழை அறுந்துவிடும். அதனால் பட்டுக்கு நோகாதபடி மரத்தை இழைக்கத் தெரிந்த ஊர் இது.

அதே தறியோரம் இன்னொரு கதையும் உண்டு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். 3 நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் ஆகாது, மறுகரை நாடாவைத் தள்ள இன்னொரு கை தேவை. வெகுகாலம் அந்தக் கை ஒரு சிறு பிள்ளையின் கையாக இருந்தது. சொந்தப் பிள்ளை, இல்லையென்றால் முன்பணத்துக்கு வந்த அடுத்த வீட்டுப் பிள்ளை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2016 திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வழியும் விட்டது. அந்த வழி எனக்கு உடன்பாடில்லை. பட்டு இழைக்காக மரத்தை அவ்வளவு வழவழப்பாக்கிய நாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் விரலை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தோம்?

ஆகவே, வேலைக்கென்று இல்லாமல் விளையாட்டுக்கென்றே ஒரு மரச்சாமான் இந்த ஊர்க் கொல்லையில் எழும்பினால் நான் அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன்.

பெரிய செலவு வேண்டாம். 6 அடிக்கு 4 அடி இடம் போதும். மூலைக்காலுக்குச் சவுக்கு, பலகைக்கு வேம்பு. மாம்பலகை மலிவு, ஆனால் வண்டு துளைத்துவிடும். பழைய பேக்கிங் பலகை கிடைத்தால் விடாதீர்கள், ஆணியை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கிவிடுங்கள்.

காலை மண்ணில் புதைக்காதீர்கள். இதில்தான் பலர் கெடுக்கிறார்கள். மரமும் ஈரமும் பற்றி யோசிக்க நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்தில் அத்திமரத்தாலான அத்தி வரதர் 40 ஆண்டு நீருக்கடியில் சயனித்திருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-இல் எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தார். பக்தருக்கு அது பெருமாள் திருவுள்ளம், அதில் நான் குறுக்கிடவில்லை. மரவேலை தெரிந்தவர்கள் பொதுவாக ஒன்று சொல்வார்கள். முழுக்க நீருக்குள் கிடக்கும் மரத்தை, காற்று படாததால் பூஞ்சை அவ்வளவாக அண்டாது. முழுக்க உலர்ந்த மரத்துக்கும் கவலையில்லை. நனைவதும் காய்வதுமாக இருக்கும் இடம்தான் இற்றுப்போகும். மண்ணில் புதைத்த காலுக்கு அந்த இடம் தரைமட்டம். கரையானுக்கும் அதுவே வாசல். பழைய வீட்டுத் திண்ணைத் தூண்களைப் பாருங்கள், மரத்தூண் கல்லின்மேல்தான் நிற்கும். கொல்லை வீட்டுக்கும் 4 கருங்கல் துண்டு போட்டு அதன்மேல் காலை நிறுத்துங்கள். கால் அசையாமல் இருக்க இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி போட்டுவிடுங்கள்.

அடுத்தது இழைப்பு. இழைப்புளி ஓட்டியபிறகு உப்புத்தாள், முதலில் 80-ஆம் எண், பிறகு 120, கடைசியில் 220. கைபிடிக்கும் இடங்கள், சன்னல் விளிம்பு, வாசற்படி மூலை எல்லாவற்றையும் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். முடிந்ததா என்று எப்படித் தெரியும்? பெரியவர் கை காய்த்துப்போன கை, அது பொய் சொல்லும். தறிக்கூடத்தில் கழிந்த பட்டு நூல் ஒரு பிடி வாங்கி வாருங்கள். அதைப் பஞ்சுபோல் சுருட்டிப் பலகைமேல் மெல்ல இழுங்கள். சிக்குகிற இடத்தில் சிலாம்பு இருக்கிறது. அங்கே இன்னும் தேயுங்கள். பலகையின் அடிப்புறத்தையும் விடாதீர்கள், பிள்ளைகளின் கை அங்கேதான் முதலில் போகும்.

வண்ணம் பூசுவதானால் பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறக்க வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயமோ யாருக்குத் தெரியும், பிள்ளையோ சன்னல் கட்டையைக் கடித்துப் பார்க்கும். புதிதாக, ஈயம் இல்லை என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பலகையின் வெட்டுமுனைகளுக்கு இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள், தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த முனைதான்.

கதவு வைத்தால் தாழ்ப்பாள் வேண்டாம். பெரியவர்கள் குனிந்தாலும் நுழைய முடியாத உயரத்தில் வாசல் இருக்கட்டும், ஆனால் அவசரத்துக்குக் கூரைப் பலகை ஒன்று வெளியிலிருந்து கழன்று வர வேண்டும். உள்ளே அடுப்பு, அலமாரி என்று நீங்களாக எதையும் அமைக்காதீர்கள். சமையலறை என்று நீங்கள் நினைத்து முடிப்பதற்குள் அது கருட சேவை வாகனம் ஆகியிருக்கும். உள்ளே பெருமாளாக ஒரு மரப்பாச்சி, வெளியே குடை பிடிக்க இரண்டு பேர், பிரசாதம் விற்க ஒருவர்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மூலைக்கல் நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்லின்மேல் மண்கோடு ஏறியிருந்தால் கரையான் வந்துவிட்டது. அன்றைக்கே சுரண்டி எடுங்கள்.