மூடுபனியைத் தொட முடியுமா?

ஏற்காட்டில் டிசம்பர் மாதக் காலையில் மூடுபனி இறங்கினால் ஏரி இருக்கிற இடமே தெரியாது. அப்படியொரு காலையில் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி மகள் இங்கிலீஷ் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கான்கிரீட் நவுன் இடப்பக்கம், அப்ஸ்ட்ராக்ட் நவுன் வலப்பக்கம் என்று பிரித்து எழுத வேண்டுமாம். ஸ்டோன், லேக், ஆரஞ்ச் எல்லாம் மளமளவென்று இடப்பக்கம் போயின. ‘மிஸ்ட்’ வந்ததும் பேனா நின்றுவிட்டது.

“தொட முடிஞ்சா கான்கிரீட்னுதானே அத்தை? பனியைப் பிடிச்சா கையில ஒண்ணுமே இல்லையே!”

தொட்டுப் பார்ப்பதை மட்டும் விதியாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் இப்படித்தான் தவிப்பார்கள். தொடுதல் ஐந்தில் ஒன்றுதான். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் இவற்றில் எதற்குப் பிடிபட்டாலும் அது கான்கிரீட். மூடுபனி கண்ணுக்குப் பிடிபடுகிறது. கிளியூர் அருவியின் இரைச்சல் காதுக்கு. கோடை மழைக்குப் பின் காப்பித் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை போல வீசும் வாசனை மூக்குக்கு. பயமும் பொறுமையும் நேர்மையும் இந்த ஐந்துக்கும் அகப்படாதவை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, ஆறாவது அறிவாக மனத்தைச் சொல்கிறார். ஐந்தில் ஒன்று பிடித்தால் கான்கிரீட், ஆறாவது மட்டுமே பிடித்தால் அப்ஸ்ட்ராக்ட் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டாள். நம் பிள்ளைக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு விளக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் அவள் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் நிழலில், சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி, கொத்துக் கொத்தாகப் பழுத்து நின்றது.

“பழம் சிவப்பா இருக்கிறது கண்ணுக்குத் தெரியுதே. அப்புறம் ஏன் ‘ரெட்னஸ்’ வலப்பக்கம்?”

நல்ல கேள்வி. அப்ஸ்ட்ராக்ட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு, இழுத்துப் பிரித்தெடுப்பது என்று பொருள். கண் பார்ப்பது சிவந்த பழத்தை. பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் தனியே எடுக்க மனத்தால்தான் முடியும். நன்னூலும் பெயர்களை ஆறாக வகுத்தபோது பொருளுக்கு ஓரிடம், குணத்துக்கு வேறோரிடம் கொடுத்தது. செம்மை, வெண்மை, இனிமை என்று நாம் ‘மை’ சேர்க்கும் இடத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘னஸ்’ வரும். அதற்காக ‘னஸ்’ஸைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் எழுதிவிடக் கூடாது, கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லும் விட்னஸ் கையும் காலும் உள்ள மனிதர்.

அவள் எழுந்து போய் ஒரு பழத்தைப் பறித்து வந்தாள். தோலைப் பிதுக்கி, கொழகொழவென்று வந்த கொட்டையை வாயில் போட்டுச் சப்பினாள். “இனிக்குது அத்தை” என்றவள், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ‘மிஸ்ட்’டை இடப்பக்கமும் ‘ஸ்வீட்னஸ்’ஸை வலப்பக்கமும் எழுதினாள்.