தராத மொழி

நைஜீரியாவின் நடுப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது ஜோஸ் பீடபூமி. அச்சா எனும் சிறுதானியத்தை விளைவித்து வாழ்ந்த பெரோம் மக்களின் மண் அது. குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறிவிடும் இயல்புடையது அவர்களது மொழி. இன்றும் பல லட்சம் மக்கள் அதைப் பேசுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெள்ளீயச் சுரங்கங்கள் தோன்றின. பல திசைகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களிடையே ஹௌசா மொழி பாலமாயிற்று; பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் ஆங்கிலம் வந்தது. சுரங்கத் தொழில் தளர்ந்த பின்னும் பாலம் நிலைத்துவிட்டது. இன்று ஜோஸ் நகரில், பெரோம் பெற்றோருக்குப் பிறந்தும் பெரோம் அறியாது வளரும் பிள்ளைகள் உண்டு.

பிள்ளைக்குத் தன் மொழியைத் தராத தாய் தவறு செய்கிறாளா? அவள் அப்பத்தையும் அமைதியையும் அல்லவா தேடினாள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2001, 2008, 2010 ஆம் ஆண்டுகளில் ஜோஸ் நகரம் கலவரங்களால் இரத்தம் சிந்தியது. அத்தகைய மண்ணில், அயலானின் மொழியை வெறுத்துத் தன் மொழியை வளர்ப்பது அன்பாகாது, அது பழிவாங்குதலே.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பெற்ற மொழியைப் பிள்ளை பின்னாளில் விட்டுவிடலாம். பெறாத மொழியை விடவோ வைத்துக்கொள்ளவோ அவனுக்கு உரிமையே இல்லை. தராமை அவனுக்காக நாமே செய்துவிடும் தேர்வு.

பழியைத் தாயின் மேல் மட்டும் சுமத்துவதும் அறமன்று. 1963இல் திருச்சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடம் தந்தது. வட நைஜீரியாவின் பல ஆலயங்களில் அவ்விடத்தைப் பெற்றது ஹௌசாவே. பல இனத்தார் ஒன்றாய் மன்றாட அது உதவியது என்பதும் உண்மை. ஆனால் பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் கூட்டத்தார் அனைவரையும் ஒரே மொழிக்கு மாற்றவில்லை. அவரவர் தத்தம் மொழியிலேயே கேட்டனர். சிறியவனைத் தன் மொழிக்கு அழைப்பவன், தானும் அவன் மொழிக்கு ஓரடி செல்லக் கடமைப்பட்டவன்.

தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்வி என 2022இல் நைஜீரிய அரசு அறிவித்தது. 2025இல் அதைக் கைவிட்டது. அரசு தந்ததை அரசே எடுத்துக்கொள்ளலாம். தாய் மடியில் தந்ததை எடுப்பார் யார்?